‘ஏழாவது கிடங்கு’ படத்துக்கு வந்த கருத்துகள்

இவருடைய சட்டைக் காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது. அப்படிச் செய்தால் இன்னும் கொஞ்ச காலம் தாராளமாக உழைக்கும். நல்ல துணி.

வக்கீல் செல்வநாயகம் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். விருதுநகரில், ஒரு பருப்புக் கிடங்குக்கு மேலே மாடியில் அவருடைய அறை. என் தம்பி தங்கப்பாண்டியன்தான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தான். மறுநாள் காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுக்க வேண்டியதை வக்கீல் எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கைதான் அடங்கவில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பதறாமல் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது.

என் பெயர் செல்வலட்சுமி. ஆமத்தூரில் வீட்டிலேயே தையல் வேலை. பட்டாசு ஆலைகளுக்குப் பருத்திச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர்கள் பருத்தி தவிர வேறு எதையும் உடம்பில் போடக் கூடாது. சிந்தெடிக் துணி உரசினால் பொறி பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

என் கணவர் செந்தூர்பாண்டி சிவகாசிப் பக்கம் ஒரு ஃபேன்ஸி பட்டாசு கம்பெனியில் போர்மேன். நான் தைத்து அனுப்பும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களுக்குக் கொடுப்பார். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். மற்றது உருகி, சுருண்டு, கறுப்பு மணியாக நிற்கும். பெண்டாட்டி தைத்ததுதானே என்று ஒருநாளும் அவர் அந்தச் சோதனையை விட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு கவனமான மனிதர் என்று சொல்ல வருகிறேன்.

அவருக்கு ஒரு பித்து உண்டு. பழைய ஜப்பான் சண்டைப் படங்கள். அதிலும் ‘ஏழாவது கிடங்கு’ என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவன், வாணவெடிக் கிடங்குகளைப் பிடித்து வைத்திருக்கும் கும்பலை ஒவ்வொரு கிடங்காகப் போய் அடிக்கிறான். கதை அவ்வளவுதான். கையில் காசே இல்லாமல் எடுத்த படம். குத்து ஒரு சாண் தள்ளி விழும். வாங்குகிறவன் அதற்கு முன்பே விழுந்து கிடப்பான். முதல் கிடங்கில் செத்தவன் நாலாவது கிடங்கில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து மறுபடி சாவான். கதாநாயகன் படம் முழுக்க மினுமினுக்கிற ஓர் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றவே மாட்டான்.

தேய்ந்துபோன பிரதியில் இதைப் பலமுறை பார்த்திருந்தார். போன வருடம் ஒரு கம்பெனி அதைச் சுத்தம் செய்து, வீட்டில் பார்ப்பதற்குப் புது வீடியோ வட்டாக வெளியிட்டது. கூரியர் வந்த அன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டார்.

“அட்டை அச்சப் பாரு லெச்சுமி. செவப்பு தள்ளி விழுந்திருக்கு. நம்மூருல குடுத்திருந்தா இப்படியா அடிச்சிருப்பான்?” என்றார். ஆனாலும் அந்தப் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தார்.

பிறகு போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, வட்டைப் பற்றித் தன் கருத்தைப் பேசிப் படம்பிடித்துப் போட ஆரம்பித்தார். நிறம் எப்படி, ஒலி எப்படி, கீழே ஓடுகிற மொழிபெயர்ப்பு எங்கே சொதப்புகிறது என்று. முதல் பதிவை யாரும் பார்க்கவில்லை. அவர் சாப்பிடும்போதும் போனைத் திருப்பிப் பார்ப்பார், கை கழுவி வந்தும் பார்ப்பார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் வேலைக்குப் போன பிறகு, ‘தூத்துக்குடி அலை’ என்று ஒரு பெயர் வைத்து நான் எழுதினேன். “அண்ணே, அருமை. நாலாவது கிடங்கில் மீசை ஒட்டி வருகிறவனை நானும் கவனித்தேன்.” சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்கு என்னிடம் சிரித்துப் பேசினார். ஒரு வரிக்கு ஒரு வீடே மாறுமென்றால் யார்தான் எழுத மாட்டார்கள்? அலைக்குத் துணையாக இன்னும் இரண்டு மூன்று பேரை உண்டாக்கினேன். ஒருவன் கோபக்காரன், எல்லாவற்றையும் மறுப்பான். எதிர்ப்பு இல்லாவிட்டால் இவருக்குப் பேச்சு சூடுபிடிக்காது.

பிரீத்திகா பிறந்தது வேறு விதமாக.

ஒருநாள் வட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். “அந்தக் கும்பல் தலைவன் இருட்டுலகூட கறுப்புக் கண்ணாடியக் கழட்ட மாட்டேங்கான், பாத்தீகளா? கிரேன்காரனவிட அவனுக்குத்தான் பயம் கூட,” என்றேன்.

“ஒனக்கென்ன தெரியும். காய நறுக்கு. வெரல நறுக்கிராத,” என்றார்.

மறுநாள் அதே வரியைப் பிரீத்திகா என்ற பெயரில் எழுதினேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, நம் பேச்சை எழுத்தாக்கினேன், அவ்வளவுதான். அன்று கம்பெனி வேன் சத்தம் கேட்டதும் வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

“ஏ லெச்சுமி, இங்கன வா. பிரீத்திகான்னு ஒரு பொண்ணு. என்னமா கவனிச்சிருக்கு பாரு. கும்பல் தலைவன் கண்ணாடி போட்டிருக்கிறதே பயத்துலதானாம். இத்தன தடவ பாத்த எனக்கே இது தோணலயே.”

“நல்லாருக்குங்க,” என்றேன்.

“நல்லாருக்கா? ஒனக்குப் புரிஞ்சுதா இது?”

புரிந்தது என்று சொன்னேன். அவர் அதற்குள் பதில் எழுதத் தொடங்கியிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. மெஷினில் உட்காருவேன், எழுந்துபோய்ப் போனைப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். தைத்த கை ஓரத்தைப் பிரித்து மறுபடி தைப்பேன். வெற்றிலையை விடுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவந்தேன். “சார், பல் சிவப்பாகத் தெரிகிறது” என்று பிரீத்திகா ஒரே ஒரு வரி எழுதினாள். மறுநாளே வெற்றிலைப் பெட்டி பரணுக்குப் போனது. மீசையை ஒதுக்கச் சொன்னாள், ஒதுக்கினார். கோபத்தில் தட்டைத் தள்ளும் பழக்கம் பற்றி அவள் ஒன்றும் சொல்ல முடியாது, அவளுக்கு அது தெரியக் கூடாதே. அதனால் அது மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் அவளுக்கு அவர் இப்படிப் பதில் எழுதியிருந்தார்: “உங்களைப் போல் ரசனையோடு பேச வீட்டில் ஆள் இல்லைம்மா. மனைவி நல்லவள்தான். தையல் தவிர ஒன்றும் தெரியாது.”

நான் அதை மெஷினில் உட்கார்ந்துதான் வாசித்தேன். கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. நூல் அறுந்து போயிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. வெறும் ஊசி துணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சட்டை முழுக்க ஓட்டை. அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லாத ஒருத்திமேல் பொறாமைப்பட நான் என்ன பைத்தியமா.

படத்தின் கடைசிக் காட்சிதான் எல்லோரையும் பேசவைத்தது. அதற்குள் நிஜமான ஆட்களும் பார்க்க வந்திருந்தார்கள். ஏழாவது கிடங்கில் தட்டுத் தட்டாக மருந்து கொட்டிக் கிடக்கிறது. ஆரஞ்சுச் சட்டைக்காரன் கையை வீசிக்கொண்டு அதன் நடுவே நடக்கிறான். காலரை உதறுகிறான். கும்பல் பயந்து ஓடுகிறது. அதைப் பற்றி இவர் பதிவில் சிரித்தார்: “அந்தச் சட்டையோட எங்க மருந்து ரூமுக்குள்ள வந்தா நாலு எட்டு வைக்க மாட்டான்லே. அவனையும் தேட முடியாது, சட்டையையும் தேட முடியாது.” பருத்திச் சட்டை, வெறுங்கால், உள்ளே போகும் முன் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொடுவது, இந்த மூன்றும் இருந்தால் எவ்வளவு நேரமும் நிற்கலாம், தினமும் நான் நிற்கிறேன் என்றார்.

“பேச்சு எல்லாரும் பேசலாம்” என்று கோபக்காரன் எழுதினான்.

“செய்து காட்டுங்கள் சார்” என்று பிரீத்திகா எழுதினாள். “அதே நடை, அதே மாதிரிச் சட்டை, ஆனால் சரியான முறையில். இந்த வட்டுக்கு இதைவிட நல்ல கருத்து யாரும் சொல்ல முடியாது.”

அவர் இரண்டு நாள் யோசித்தார். மருந்துக்குப் பதில் கோலமாவை வைத்து எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டார். “பார்க்கிறவர்களை ஏமாற்றுகிறவர் நீங்கள் இல்லை என்று நினைத்தேன்” என்று அவள் பதில் போட்டாள். அதற்கு மேல் அவர் கோலமாவைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் என்னிடம் வந்து, “லெச்சுமி, ஆரஞ்சுல ஒரு சட்ட தைக்கணும். பருத்தி சாட்டின் கெடைக்கில்ல, பளபளன்னு, அதுல தை. வேற எதுவும் கலந்துறக் கூடாது. இத மருந்து ரூமுக்குள்ள போடப் போறேன், பாத்துக்கோ,” என்றார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நானும் மறைக்கவில்லை. “வேண்டாங்க. எதுக்கு இந்த வெளையாட்டு? சீருடையில நின்னு பேசுங்க, போதும்,” என்றேன். தெளிவாக, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது. நான் தடுத்தேன்.

“ஒனக்கென்ன தெரியும்,” என்றார்.

ஆக, அவரிடம் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி போகாதீர்கள் என்றாள். ஒருத்தி போங்கள் என்றாள். யார் பேச்சைக் கேட்பது என்று அவரே முடிவு செய்தார்.

சிவகாசிக் கடைத்தெருவில் பாலகுருவின் கடையில்தான் நான் எப்போதும் துணி எடுப்பேன். ஆரஞ்சு நிறத்தில் பருத்தி சாட்டின் கொஞ்சம் எடுத்தேன். அதற்குப் பக்கத்திலேயே அதே ஆரஞ்சில் பாலியஸ்டர் சாட்டினும் இருந்தது. அதிலும் எடுத்தேன். பாலியஸ்டருக்கு மினுக்கம் கூடுதல். காமிராவுக்கு அதுதான் எடுக்கும். உள்ளே மெல்லிய பருத்தியில் உள்துணி வைத்தேன். உடம்பில் படுவது பருத்தி என்றால் போட்டுக்கொள்கிறவருக்கு உறுத்தாது, வேர்வை தெரியாது. காலரை அந்தக் கிரேன்காரனுடையதைப் போலவே கூர்மையாக வைத்தேன். வட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு சட்டை தைத்ததில்லை.

அவர் வழக்கம்போல் நூல் கேட்டார். சட்டையிலிருந்து உருவினால் மடிப்புக் கெட்டுப்போகும் என்று சொல்லி, வெட்டியதில் மிச்சம் என்று ஒரு துண்டைக் கொடுத்தேன். பருத்தித் துண்டு. தீக்குச்சி கிழித்துக் காட்டினார். காகிதம்போல எரிந்து சாம்பலானது. சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தார். “சுத்தம்,” என்றார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, சீருடைக் கட்டை வாங்கிப்போக குருவம்மாள் வந்தாள். அவருடைய கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். எனக்கு மூத்தவள், அவருக்கு மதினி முறை.

“யாத்தே, மாப்பிள்ள கணக்கால்ல நிக்கீக. செல்வலட்சுமி, ஒம் புருசனுக்குச் சுத்திப் போடு தாயி. கண்ணு பட்டுரும்,” என்றாள்.

“கண்ணு படத்தான் தைக்கச் சொன்னேன்,” என்றார் அவர். “ஞாயித்துக்கெழம கம்பெனிக்கு வாரீகளா மதினி? ஒண்ணுமில்ல, இந்தப் போனப் பிடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கணும். அம்புட்டுதான்.”

“போன உள்ள கொண்டுபோனா மொதலாளி வைவாரே.”

“நாந்தானே போர்மேனு. நான் வைய மாட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். நான் குருவம்மாளிடம் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியேதான் நிற்பாள் என்று கணக்குப் போட்டேன். அவளுடைய பச்சை ரவிக்கை ஒன்று என்னிடம் தைக்கக் கிடந்தது. அதைத் திங்கட்கிழமை தருவதாகச் சொன்னேன்.

ஞாயிறு காலை நல்ல வெயில். காற்றில் ஈரமே இல்லை. புறப்படும்போது, “எப்படி இருக்கேன்?” என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறீர்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வாசலில் நின்று தன்னைத் தானே ஒரு படம் எடுத்து அதைப் போட்டார். என் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. “கிளம்பிவிட்டேன். எப்படி இருக்கிறேன்?” என்று அவர் பிரீத்திகாவைக் கேட்டிருந்தார்.

நான் சொன்னது அவருக்குப் போதவில்லை.

அவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். என் விரல் போன்மேல் இருந்தது. சட்டையைக் கழற்றுங்கள் என்று பிரீத்திகா எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே கழற்றியிருப்பார். இதைப் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். “கிரேன்காரனைவிட அழகு” என்று எழுதினேன். அவர் வாசித்தார். முகம் மலர்ந்தது. கடைசியாக அவரைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தது நான்தான். அந்த நிம்மதி எனக்கு இருக்கிறது.

அதன்பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன், பிறகு உள்ளே வைத்தேன். பச்சை ரவிக்கையை எடுத்துக் கை ஏற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கண்ணாடிச் சன்னல் ஒருமுறை நடுங்கி நின்றது. தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். “ஞாயித்துக்கெழம எவன்லே வேல பாக்கான்?” என்று யாரோ கேட்டார்கள். நான் அந்தக் கையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் தையல் கோணிவிடும்.

குருவம்மாள் வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. நடப்பது நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவர்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். பச்சை ரவிக்கையை வாங்க அவள் இனி வர மாட்டாள்.

அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார். செருப்பை வெளியே கழற்றியிருந்தார். செப்புத் தகட்டைத் தொட்டார் என்று காவலாளி சொன்னான். வீட்டிலிருந்து போனது மட்டும்தான் சரியில்லை.

அவருடைய கடைசிப் பதிவின் கீழே இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். முகம் தெரியாதவர்கள் அழுகிறார்கள். “பிரீத்திகா எங்கே போனார்? ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே” என்று சிலர் திட்டுகிறார்கள். அவளுக்கு எழுத ஒன்றும் இல்லை. கேட்கிற ஆள் போனபிறகு அவள் யாரிடம் பேசுவாள்?

வெடித்த அறையின் சுவரோரம் கிடந்த சட்டைக் கையில் உருகிய கறுப்பு மணிகள் இருந்ததாகச் சோதனையில் வந்திருக்கிறது. என் மெஷின் அலமாரியில் ஆரஞ்சுப் பருத்தித் துண்டும் கிடைத்திருக்கிறது. இதை வைத்துத்தான் வக்கீல் தன் வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

“ரொம்ப எளிது தங்கச்சி,” என்றார். “ஒரே நிறத்துல ரெண்டு துணி. நீங்க பருத்திதான் கேட்டீக. கடைக்காரன் பாலகுரு அதுல ஒரு துண்ட மாத்தி வெட்டிக் குடுத்துட்டான். பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. உங்களுக்கு வித்தியாசம் தெரியல. அம்புட்டுதான் எழுதணும். தூண்டிவிட்ட அந்தப் பிரீத்திகாவ போலீசு தேடிக்கிடட்டும்.”

“அக்கா, சரின்னு சொல்லுக்கா,” என்றான் தங்கப்பாண்டியன். அவன் கண் கலங்கியிருந்தது. “தெரியாமத் தைச்சுட்டேன்னு ஒரு வார்த்த. வீட்டுக்குப் போயிரலாம்.”

வக்கீல் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். என் கை அப்போதுதான் சேலைத் தலைப்பை விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அது சும்மா இருந்தது.

பாலகுரு பாவம் என்று நான் யோசித்ததாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனம். அவன் ஞாபகமே எனக்கு வரவில்லை. என் கணவர் ஊரறிய எழுதிவைத்துவிட்டுப் போன அந்த வரிதான் நினைவில் ஓடியது. மனைவி நல்லவள்தான். தையல் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கென்று அவர் விட்டுவைத்தது அந்த ஒன்றைத்தான்.

காகிதத்தைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினேன்.

“இல்லைங்க ஐயா,” என்றேன். “துணி எனக்குத் தெரியும்.”